மாருதிக்கு ஷாக் மாத்தின கதை

மக்களே, இது கொஞ்சம் நீளமான கதை. டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பண்றது பொட்டி தட்டுற வேலை. நாலு வருஷப் படிப்புல ஸ்பேனரைத் தொட்டது மொத்தமா ரெண்டு தடவை இருக்கும். அதுவும் ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கறதுக்காக. ஆனா ஆட்டோமொபைல் பேப்பர்ல "சஸ்பென்ஷன் வகைகளைப் படத்துடன் விளக்குக"ன்னு வந்த 16 மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதி, கலர் பென்சில்ல படம் போட்டு வச்சவன் நான். அந்தத் தைரியத்துலதான் இந்த வேலையில இறங்கினேன். (சிரிக்காதீங்க, முழுசா படிங்க.)

ஊரு கப்பலூர். பேர்லதான் கப்பல் இருக்கு, கண்ணுக்கு எட்டின தூரத்துக்குக் கடல் கிடையாது. தியாகராசர் மில், சிட்கோ தொழிற்பேட்டை, அப்புறம் அடிக்கடி பேப்பர்ல பேர் வர்ற டோல்கேட், இதெல்லாம்தான் எங்க ஊரு அடையாளம். உத்தங்குடியில இருந்து மதுரையைச் சுத்தி வர்ற ரிங் ரோடு, கன்னியாகுமரி போற நாலு வழிச்சாலையில வந்து சேர்ற இடம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்குப் புரியும்.

எங்க வீட்டுல ஒரு மாருதி 800 இருக்கு. 2008-ல அப்பா வாங்கினது. அப்ப நான் அஞ்சாங்கிளாஸ். வண்டி வந்த அன்னிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினதுல இருந்து எல்லாம் ஞாபகம் இருக்கு. 1983 டிசம்பர்ல முதல் வண்டி ஓடினதுல இருந்து 2014 ஜனவரியில தயாரிப்பை நிறுத்தற வரைக்கும், நம்ம ஊரு நடுத்தரக் குடும்பத்துல பாதிப் பேரு கார்னு ஏறி உக்காந்தது இதுலதானே? பதினஞ்சு வருஷம் முடிஞ்சதும் "வித்துருவோம்ப்பா"ன்னேன். அப்பா பதிலே சொல்லாம எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யைப் புதுப்பிச்சுட்டு வந்து நின்னாரு. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

பிரச்சினை காரால வரலை. அம்மாவோட இடுப்பால வந்தது.

போன வருஷம் அம்மாவுக்கு எல்4-எல்5 இடத்துல டிஸ்க் பிதுங்கிருச்சு. ஆபரேஷன் வேணாம், வாரத்துக்கு மூணு நாள் பிசியோதெரபி போதும்னு டாக்டர் சொன்னாரு. பிசியோதெரபி மதுரைக்குள்ள. கப்பலூர்ல இருந்து திருநகர், திருப்பரங்குன்றம், பழங்காநத்தம்னு போகணும். பதினஞ்சு கிலோமீட்டர் போலத்தான். ஆனா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அம்மா கதவுக்கு மேல இருக்கற கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு மூச்சை அடக்குவாங்க. அப்பா இருபதுல ஓட்டுவாரு. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே வைவான். போயி இடுப்பைச் சரி பண்ணிட்டு, திரும்பி வர்ற வழியில அதைக் கெடுத்துக்கிட்டு வந்து இறங்குவாங்க.

ஒரு மாசம் இப்படிப் போச்சு. ஒரு நாள் அம்மா, "எனக்கு இப்பப் பரவாயில்லப்பா. இனிமே வீட்டுலயே அந்தப் பயிற்சிய பண்ணிக்கிறேன்"னாங்க. பரவாயில்லைன்னு சொல்றப்பவே சுவத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் நின்னாங்க.

அன்னிக்கு சாயங்காலம் வண்டியோட ஒவ்வொரு மூலையையும் கையால பலமா அமுக்கி விட்டுப் பார்த்தேன். நல்லா இருக்கற வண்டி மேல வந்து ஒரு ஆட்டத்துல அடங்கணும். நம்ம வண்டி தொட்டில் மாதிரி நாலு தடவை ஆடுச்சு. குனிஞ்சு பார்த்தா முன்பக்க ஷாக் ரெண்டுலயும் எண்ணெய் கசிஞ்சு, அது மேல புழுதி அப்பி, கருப்பா இருந்தது. நோய் என்னன்னு தெரிஞ்சுபோச்சு. சரி, நாமளே பண்ணிருவோம்னு முடிவு பண்ணினேன். காசு ஒரு காரணம். பெங்களூர்ல இருந்து வீட்டுல வேலை பார்க்க அனுமதி வாங்கி வந்து, அம்மாவுக்கு ஒண்ணும் செய்யாம லேப்டாப்பையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோமேங்கற குத்தவுணர்ச்சி இன்னொரு காரணம். மூணாவது காரணம் கொழுப்பு.

அப்புறம் ராத்திரி ராத்திரியா வீடியோ பார்த்தேன். அதுல வர்றவன் எல்லாம் "அப்கிரேடு, அப்கிரேடு"ங்கறான். கொஞ்சம் கடினமான ஸ்பிரிங், வண்டியை ஒரு இன்ச் கீழ இறக்கிரும், வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகும். பார்க்கப் பார்க்க எனக்கு வெறி ஏறிருச்சு. நெட்டுல ஒரு செட்டு ஆர்டரும் பண்ணிட்டேன். சிவப்புக் கலர் ஸ்பிரிங்! எதுக்காக இந்த வேலையை ஆரம்பிச்சோம்னே மறந்துபோச்சு பாருங்க.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரவல் வாங்க திருமங்கலத்துல தெரிஞ்ச ஒரு பாய் பட்டறைக்குப் போனேன். பாய்க்கு அறுபது வயசு இருக்கும். பீத்திக்கிட்டே போன்ல அந்தச் சிவப்பு ஸ்பிரிங்கைக் காட்டினேன். பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"வண்டியில யாரு தம்பி உக்காரப் போறது?"

"அம்மா பாய். இடுப்பு வலி."

"அப்ப ரேஸுக்குப் போற ஸ்பிரிங்கை எதுக்குய்யா அவங்க தலையில கட்டுற?"

அவ்வ்வ்வ்வ்...

வீட்டுக்கு வந்து, படிச்ச படிப்பைத் தூசி தட்டினேன். விஷயம் இதுதான். வண்டியோட எடையைத் தாங்கறது ஸ்பிரிங். பள்ளத்துல விழுந்தா அமுங்கறதும் அதுதான். ஆனா அமுங்கின ஸ்பிரிங் சும்மா இருக்காது, திரும்பத் திரும்ப ஆடும். அந்த ஆட்டத்தை அடக்கறதுதான் நாம ஷாக் அப்சார்பர்னு சொல்ற குழாய். உள்ள எண்ணெய், அதுக்குள்ள சின்னச் சின்ன ஓட்டை போட்ட பிஸ்டன். ஊசி போடற சிரிஞ்சுல தண்ணி ஏத்தி அமுக்கிப் பாருங்க. மெதுவா அமுக்கினா சுலபமாப் போகும். வேகமா அமுக்கினா எதிர்த்து நிக்கும். அதே கதைதான். ஆடற சக்தி எண்ணெயில சூடா மாறி வெளியே போயிரும். எண்ணெய் கசிஞ்சுபோனா எதிர்த்து நிக்க ஆளு இல்ல. கேஸ் ஷாக்னு சொல்றதுலயும் வேலை செய்யறது எண்ணெய்தான். அது நுரைச்சுப் போகாம இருக்க நைட்ரஜனை அழுத்தத்துல அடைச்சு வச்சிருப்பாங்க.

இப்ப இடுப்புக்கு வருவோம். சாதாரணக் கார் ஸ்பிரிங் மேல ஆடற வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 தடவை. நாம நடக்கற தாளத்துக்குப் பக்கத்துல இருக்கறதால உடம்பு அதைப் பெருசா எடுத்துக்காது. உக்காந்திருக்கற மனுஷனுக்கு மேல-கீழ அதிர்வு ரொம்ப உறைக்கறது 4 முதல் 8 ஹெர்ட்ஸ்ல. உடம்பு அதிர்வை அளக்கற ஐ.எஸ்.ஓ. 2631 தரத்துலயும் இதைப் பார்க்கலாம். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினா, வளைவுல வண்டி சாயறது குறையும், வாஸ்தவம்தான். ஆனா ரோட்டுல இருக்கற பொடி அதிர்வு எல்லாம் கூடுதலா சீட்டுக்கு வந்து சேரும். 30 சதவீதம் கடினமான ஸ்பிரிங் போட்டா ஆட்டத்தோட வேகம் 14 சதவீதம் கூடும். வர்க்கமூலக் கணக்கு, நீங்களே போட்டுப் பாருங்க. ஆக நான் காசு குடுத்து அம்மாவுக்கு வலி வாங்க இருந்தேன்.

போதாததுக்கு, கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தி வண்டியை ஓட்டக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ஆர்டரைக் கேன்சல் பண்ணினேன். கம்பெனி அளவுலயே நாலு புது ஷாக், மேல் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ். மதுரையில ஒரு கடையில ஆறாயிரத்துச் சொச்சம் ஆச்சு. என்னோட 'அப்கிரேடு' இவ்வளவுதான். 2008-ல எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கறது.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. முன்பக்கம் இருக்கறது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணா நிக்கும், சக்கரத்தையும் அதுவே புடிச்சுக்கும். ஏர்ல் மெக்ஃபர்சன்கற இன்ஜினியர் 1940-களில் ஜெனரல் மோட்டார்ஸ்ல, செவ்ரோலே கேடெட்னு ஒரு சின்னக் காருக்காக யோசிச்சது. அந்தக் கார் கடைசி வரைக்கும் வெளியே வரவே இல்ல. மனுஷன் ஃபோர்டுக்குப் போனாரு. 1950-ல இங்கிலாந்துல வந்த ஃபோர்டு கான்சல்ல அவரோட அமைப்பு ரோட்டுக்கு வந்தது. இடம் கம்மி, சாமான் கம்மி, செலவு கம்மி. அதனாலதான் அது உலகம் பூரா சின்னக் கார்களுக்குப் பரவி, கப்பலூர்ல எங்க வாசல் வரைக்கும் வந்து சேர்ந்துச்சு. இதையெல்லாம் 16 மார்க்குக்கு எழுதினேன். துருப்புடிச்ச போல்ட்டை எப்படிக் கழட்டறதுன்னு மட்டும் சிலபஸ்ல இல்ல.

சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சேன். வீட்டு வாசல் கரிசல் மண்ணு. முந்தின ராத்திரி ஒரு தூறல் வேற. வீல் நட்டை வண்டி தரையில இருக்கறப்பவே தளர்த்தினேன். பின்சக்கரத்துக்குக் கல்லு குடுத்தேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். ஒரு பலகையைப் போட்டு அது மேல ஜாக்கியை வச்சு, முன் இடது பக்கத்தைத் தூக்கினேன். சக்கரத்தைக் கழட்டி அங்கிட்டு உருட்டிவிட்டேன்.

திண்ணையில பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த அப்பா எழுந்து வந்தாரு. அவர் மில்லுல மெயின்டனன்ஸ் செக்‌ஷன்ல முப்பது வருஷம் இருந்தவரு. ஒண்ணும் பேசாம, நான் உருட்டிவிட்ட சக்கரத்தை எடுத்துட்டு வந்து, வண்டிக்கு அடியில, கதவுக்குக் கீழ படுக்க வச்சாரு.

"எதுக்குப்பா அது? குறுக்க இருக்கு, காலு இடிக்குது."

"இருக்கட்டும்டா. தூக்கி வச்ச பாரத்தை நம்பக் கூடாது."

பெருசு பழைய ஆளுன்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். ஒரு தடவை காலால தள்ளிக்கூட விட்டேன். அவரு மறுபடியும் வந்து உள்ள தள்ளி வச்சுட்டுப் போயிட்டாரு.

பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்ல இருந்து விடுவிச்சேன். கீழ சக்கரத்தோட நக்கிளைப் புடிச்சிருக்கற ரெண்டு போல்ட்டு. ஒண்ணு வந்துருச்சு. இன்னொண்ணு பதினஞ்சு வருஷத்துத் துரு. டபிள்யூ.டி. 40 அடிச்சு அரை மணி நேரம் ஊறப் போட்டேன். நகரல. ஒரு இரும்புக் குழாயை ஸ்பேனர்ல சொருகி, நீளத்தைக் கூட்டி, காலை முட்டுக் குடுத்து என் பக்கமா இழுத்தேன். இடது கை பிரேக் டிஸ்க்குக்கு அடியில இருந்தது.

'கிர்ர்ர்'னு ஒரு சத்தம். போல்ட்டுதான் விட்டுக் குடுக்குதுன்னு நினைச்சேன். பலகை மண்ணுல ஒரு பக்கமா இறங்கற சத்தம் அது. ஜாக்கி சாய்ஞ்சது. வண்டி அப்படியே என் பக்கமா வந்து 'தொம்'னு விழுந்தது.

விழுந்தது அந்தச் சக்கரத்து மேல.

கையை எப்ப இழுத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. டிஸ்க்குக்கும் மண்ணுக்கும் நடுவுல இருந்த இடைவெளியை அப்புறமா பார்த்தேன். ஒரு சாண் கூட இல்ல. சக்கரம் அங்க இல்லாம இருந்திருந்தா அந்த இடைவெளியே இருந்திருக்காது.

சத்தம் கேட்டு முதல்ல வந்தது அம்மா. எழுந்து நிக்கவே ரெண்டு நிமிஷம் எடுக்கறவங்க எப்படி அவ்வளவு வேகமா வாசலுக்கு வந்தாங்கன்னு தெரியல. என் இடது கையைப் புடிச்சு, கிரீஸோட அஞ்சு விரலையும் ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்தாங்க. அப்புறம்தான் வைய ஆரம்பிச்சாங்க. "என் இடுப்புக்காக உன் கை போயிருந்தா நான் என்னய்யா பண்ணுவேன்? எனக்கு ஒரு ஆஸ்பத்திரியும் வேணாம், காரும் வேணாம்"னு உள்ள போயிட்டாங்க.

அப்பா ஒரு வார்த்தை பேசல. 'நான் சொன்னேன்ல'ன்னு சொல்லியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். செம்புத் தண்ணியை எடுத்துக் குடிச்சாரு. செம்பு பல்லுல பட்டு டிக்டிக்குன்னு சத்தம் வந்தது. முப்பது வருஷத்துல மில்லுல என்னென்ன பார்த்தாரோ, எங்ககிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. அன்னிக்கும் நான் கேக்கல.

ரெண்டு நாள் அந்தக் கார் பக்கமே போகல. மூணாம் நாள் பாய்க்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். திட்டுவாருன்னு நினைச்சேன். "கை இருக்குல்ல? அப்ப ஞாயித்துக்கெழம பட்டறைக்கு வா. நான் பக்கத்துல நிக்கிறேன், நீயே பண்ணு"ன்னாரு.

ஞாயித்துக்கெழமை பட்டறையில, சிமெண்டு தரையில, நாலு ஸ்டாண்டு மேல வண்டியை நிறுத்தினோம். அப்பாவும் வந்தாரு. ஸ்டாண்டு இருந்தும் ரெண்டு பக்கமும் சக்கரத்தைப் படுக்க வச்சாரு. பாய் அதைப் பார்த்துட்டு, "அய்யா மில்லுக்காரரா?"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரும் தோஸ்து, நான் எடுபிடி.

துருப்புடிச்ச அந்தப் போல்ட்டைக் கொஞ்சம் சூடு காட்டி, எதிர்ப்பக்கம் ரெண்டு தட்டு தட்டி, பத்து நிமிஷத்துல கழட்ட வச்சாரு. ஸ்ட்ரட் வெளிய வந்ததும் நான் ஆர்வக்கோளாறுல உச்சியில இருக்கற நடு நட்டுல ஸ்பேனரை வச்சேன். பாய் என் கையில ஒரு அடி போட்டாரு. நெஜமாவே அடி! அந்த நட்டுதான் அமுங்கி இருக்கற ஸ்பிரிங்கைப் புடிச்சு வச்சிருக்கு. கம்ப்ரஸர் போடாம அதைக் கழட்டினா, தூணோட உச்சி முகத்துக்கு நேரா தெறிக்கும். ரெண்டு பக்கமும் கம்ப்ரஸரை எதிரெதிரா மாட்டி, இந்தப் பக்கம் ரெண்டு சுத்து, அந்தப் பக்கம் ரெண்டு சுத்துன்னு சமமா இறுக்கி, ஸ்பிரிங் தட்டுல இருந்து தளர்ந்து நின்னதுக்கு அப்புறம்தான் நட்டைத் தொடணும். அதுவரைக்கும் தலை அதுக்கு நேரா இருக்கக் கூடாது.

பின்பக்கம் சுலபம். ஆனா அங்கயும் ஆக்ஸிலுக்கு அடியில தாங்கு குடுத்துட்டுத்தான் ஷாக்கைக் கழட்டணும். இன்னொண்ணும் கத்துக்கிட்டேன். ரப்பர் புஷ்ஷோட போல்ட்டை வண்டி தொங்கற நிலையில முழுசா முறுக்கக் கூடாது. வண்டி நாலு காலுல நின்னு, எடை இறங்கினதுக்கு அப்புறம்தான் கடைசி முறுக்கு. இல்லைன்னா ரப்பர் எப்பவும் திருகின நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுரும். கடைசியா வீல் அலைன்மென்ட்.

காலையில ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் அஞ்சு ஆச்சு. பாய் தனியா பண்ணியிருந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிருப்பாரு. கூலின்னு கேட்டா, "நீதானய்யா வேலை பார்த்த"ன்னு சிரிச்சாரு. அப்பா விடல, சட்டைப்பையில சொருகிட்டு வந்தாரு.

திரும்பி வர்றப்ப அப்பாதான் பேச்சை ஆரம்பிச்சாரு. "நான் வயித்துல இருக்கறப்ப உங்க அப்பத்தாவைத் திருமங்கலம் ஆஸ்பத்திரிக்கு எதுல கூட்டிட்டுப் போனாங்க தெரியுமா? எங்ககிட்ட இருந்தது மொட்டை வண்டி. அதுல போனா வழியிலேயே குலுக்கிப் போட்டுரும்னு, பக்கத்து ஊர்ல வசதியானவங்க வீட்டுல போயி நின்னு, வில்வண்டியை இரவல் கேட்டு வாங்கிட்டு வந்தாரு உங்க தாத்தா. அவரு யாருகிட்டயும் எதுவும் கேக்காத ஆளு."

பள்ளிக்கூடப் புத்தகத்துல ஸ்பிரிங்குக்குச் சுருள்வில்னு போட்டிருக்கும். அது ஏதோ பரீட்சைக்காக உண்டாக்கின வார்த்தைன்னு நினைச்சிருந்தேன். வில்வண்டியில இருந்த வில்லுதான் அதுன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னு அடம். "ஒரே ஒரு தடவைம்மா, திருநகர் வரைக்கும். புடிக்கலைன்னா திரும்பிருவோம்"னு கெஞ்சினதும் ஏறினாங்க. ஏறினதும் பழக்கத்துல கை மேல போயி கைப்பிடியைப் புடிச்சது. முதல் ஸ்பீடு பிரேக்கர். வண்டி ஏறிச்சு, இறங்கிச்சு, அடங்கிருச்சு. நான் கண்ணாடியிலேயே பார்த்துக்கிட்டிருந்தேன். அம்மா ஒண்ணும் சொல்லல. வலி இல்லாம இல்ல, பள்ளத்துல முகம் சுளிக்கத்தான் செஞ்சாங்க. பழைய எண்ணூறு புது பென்ஸ் ஆயிராது. ஆனா திருநகர் தாண்டினப்ப கை மடியில இருந்தது. திருப்பரங்குன்றத்துல மலையைப் பார்த்துக் கும்புட்டுட்டு, "ரோட்டைப் பார்த்து ஓட்டு, என்னைய எதுக்குப் பார்க்குற"ன்னு ஒரு அதட்டல் வந்தது.

இப்ப மூணு மாசமா பிசியோதெரபி ஒரு நாள் தவறல.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராவது வண்டிக்கு அடியில போறதா இருந்தா, கட்டாந்தரை வேணும், ஸ்டாண்டு வேணும், வெவரம் தெரிஞ்ச ஆளு பக்கத்துல வேணும். எது இல்லாட்டியும் கழட்டின சக்கரத்தை வண்டிக்கு அடியில படுக்கப் போடுங்க. எங்க அப்பாகிட்ட இன்னும் ஒரு நன்றிகூட நான் சொல்லல. சொன்னா "போடா"ம்பாரு. அதான் இங்க எழுதி வைக்கிறேன்.